கோழி எரு போட்டால் எண்ணெய் மண் தேறுமா?

மண்வெட்டி:
எண்ணெய்க் கசிவால் மண் கெட்டுப்போன நைஜீரியாவின் ஓகோனிலாந்து பகுதியைச் சுத்தம் செய்ய முதல் 5 ஆண்டுக்கே 100 கோடி டாலர் வேண்டும் என்றது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு. எதற்கு இவ்வளவு? எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா அந்த மண்ணிலேயே இருக்கிறது. கச்சா எண்ணெயில் கார்பன் ஏராளம். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்) போதாது. கோழி எருவோ சாணமோ போட்டுக் கிளறிவிட்டால் போதும். எக்ஸான் வால்டெஸ் கப்பல் 1989-ல் எண்ணெய் கொட்டியபோது அலாஸ்கா கரையில் உரம் தெளிக்கவில்லையா?

கடைசி பெஞ்ச்:
அந்தப் "போதும்"தான் இடிக்கிறது, அண்ணே. ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் நைஜீரியக் கிளை இப்படித்தான் மண்ணைப் புரட்டி உரம் போட்டது. சுத்தம் முடிந்ததாகக் கணக்கில் இருந்த 15 இடங்களை ஐ.நா. ஆட்கள் ஆராய்ந்தார்கள், 10-ல் எண்ணெய் வரம்பைத் தாண்டியிருந்தது. 2011 அறிக்கையில் இருக்கிறது. அலாஸ்காவிலும் கற்களுக்கு அடியில் எண்ணெய் பல வருடம் அப்படியே கிடந்தது.

மண்வெட்டி:
அது அரைகுறை வேலை. மேல்மண்ணை மட்டும் வரப்பு மாதிரி குவித்தார்கள். மழை வந்தால் எண்ணெய் ஓடைக்குத்தானே போகும்?

கடைசி பெஞ்ச்:
அப்படி வாருங்கள். 49 இடங்களில் எண்ணெய் குறைந்தது 5 மீட்டர் ஆழம் இறங்கியிருந்தது. அங்கே காற்றே போகாது, சாணம் எப்படிப் போகும்? அங்குள்ள நிசிசியோகென் ஓகாலே என்ற ஊரில் குடிக்கிற கிணற்று நீரில் புற்றுநோய் தரும் பென்சீன், உலக சுகாதார நிறுவன அளவைப்போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. அந்தக் கிணற்றுக்காரரிடம் போய் கோழி எரு என்பீர்களா?

உழவன் மகள்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பச்சைக் கோழி எருவை அள்ளிக் கொட்டினால் அதன் அம்மோனியாவே நுண்ணுயிரைப் பாதிக்கலாம். மக்கவைத்துப் போடுவதே நல்லது. மரத்தூள் கலந்தால் மண் பொலபொலப்பாகிக் காற்று இறங்கும். ஆனால் அளவு மிஞ்சினால் அதுவே தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். இவ்வளவு பார்த்துச் செய்தாலும் லேசான எண்ணெய்தான் சீக்கிரம் கரையும். தார் மாதிரி கனமானது லேசில் அசையாது.

மண்வெட்டி:
சரி, "போதும்" என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆழத்து மண்ணைத் தோண்டி எடுத்து, கசியாத விரிப்பின் மேல் பரப்பி, மழை படாமல் கூரை போட்டு மக்கிய எரு கலக்கலாம். கிணற்றுக்காரர்களுக்கு முதலில் வெளியிலிருந்து நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும்.

கடைசி பெஞ்ச்:
தோண்டல், விரிப்பு, கூரை, தண்ணீர். அண்ணே, முதல் வரியில் "எதற்கு இவ்வளவு" என்று கேட்டீர்களே!