புதுப்பிப்பு: தரம் 8க்கு யுத்தகால வாழ்க்கை, எந்த யோசனை கைகொடுத்தது

இரண்டாம் உலகப் போர்க்கால இலங்கை வாழ்க்கையை எங்கள் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மூலாதாரங்களை வைத்து எப்படிப் படிப்பிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

முதலில் 1942 ஏப்ரல் 5 கொழும்புக் குண்டுவீச்சு பற்றிய பத்திரிகைப் பிரதியைக் கொடுத்தேன். எடுபடவில்லை. எழுத்தும் மங்கல், கொழும்பும் தூரம்.

"விளக்காதீங்க, பொருளைக் கையில குடுத்துக் கேள்வி கேட்க விடுங்க" என்ற யோசனைதான் வேலை செய்தது. ஒரு பிள்ளை அப்பாயியின் தகரப் பெட்டியிலிருந்து 1942ஆம் ஆண்டின் 5 சத நோட்டைக் கொண்டுவந்தாள். நடுவில் தபால் முத்திரைத் தாள்போலத் துளைக்கோடு. கிழித்தால் ஒரு துண்டு 2 சதம், மற்றது 3 சதம். "ஏன் சேர் காசைக் கிழிக்கணும்?" அங்கிருந்து சில்லறைத் தட்டுப்பாடு, பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் நின்றுபோன அரிசி, பங்கீட்டுக் கூப்பன் என்று பாடம் தானாக ஓடியது.

எதிர்பாராதது: கூப்பன் என்றதும் 2022 பொருளாதார நெருக்கடியின் சமையல் கேஸ் வரிசைக் கதைகள் கிளம்பிவிட்டன. பாதிப் பாடவேளை அதிலேயே போனது, நான் தடுக்கவில்லை.

நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைமாற்றுங்கள். எங்களுடையது மடிப்பில் கொஞ்சம் பிரிந்துவிட்டது. அப்பாயியிடம் நானே லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) போய் மன்னிப்புக் கேட்டேன்.