புதுப்பிப்பு: மைக்கை வைத்துவிட்டு வீடு விற்கப் போனேன்

போன தடவை நான் கேட்டது இதுதான்: 11 வருடம் வானொலியில் விளையாட்டு வர்ணனை செய்தவன் ரியல் எஸ்டேட்டுக்கு மாறலாமா? "பேசத் தெரிந்தவனுக்கு விற்க வராதா?" என்று பலரும் சொன்னீர்கள். மாறி 8 மாதம் ஆகிறது.

அந்தப் பேச்சுதான் முதலில் காலை வாரியது. வானொலியில் ஐந்தாறு நொடி மௌனம் விட்டால், பெட்டி பழுதோ என்று நேயர் தட்டிப் பார்ப்பார். அதே பழக்கத்தில், வீடு பார்க்க வந்த தம்பதிக்கு ஜன்னல் முதல் மொட்டைமாடி வரை மூச்சுவிடாமல் வர்ணித்தேன். கடைசியில் அந்த அம்மா, "கொஞ்சம் நாங்களே பார்க்கட்டுமா?" என்றார். சுருக்கென்றது. இப்போதெல்லாம் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொள்கிறேன். கட்டிலை எங்கே போடுவது என்று அவர்களுக்குள் பேச்சு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கைகொடுத்தது ஆட்டத்துக்கு முந்தைய நாள் தயாரிப்புதான். வீரர்களின் புள்ளிவிவரம் எழுதிய அதே நோட்டில் இப்போது மூலப்பத்திரம், அடமானப் பாக்கி, மாலை வெயில் விழும் பக்கம்.

பணம்? கமிஷன் பத்திரப்பதிவு முடிந்தால்தான் வரும். முதல் 5 மாதம் சல்லிக்காசு இல்லை. ஒரு விற்பனை, வாங்குபவருக்கு வங்கிக் கடன் மறுக்கப்பட்டதால் கடைசி வாரத்தில் கவிழ்ந்தது. ஆறு மாதச் செலவுக்குச் சேமித்துவிட்டு இறங்கச் சொன்னவருக்குக் கோடி நன்றி.

வார இறுதி மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அன்று ஆட்டம், இன்று வீடு காட்டல். (மனைவி இதைப் படிக்காமல் இருக்கட்டும்.) இதுவரை 2 விற்பனை, மூன்றாவது கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.