சொல்லை மாற்றினால் சொந்த எழுத்தாகுமா? விளக்க உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி அளிக்கும் எனக்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது. ஒரு மாணவி நூலொன்றின் பத்தியை எடுத்து, 'பெருகியது' என்பதை 'அதிகரித்தது' என்று மாற்றி, மூலத்தைக் குறிப்பிடாமல் ஒப்படைத்திருந்தார். சொற்களை மாற்றினால் போதும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார், அதனால் அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பதிப்புரிமை கருத்தைக் காப்பதில்லை, அது வெளிப்படும் வடிவத்தையே காக்கிறது என்பதை ஓரளவு விளக்கிவிட்டேன். ஆனால், பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூலிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்தாலும் அது கருத்துத் திருட்டே (பிறர் எழுத்தைத் தமது என்று காட்டுவதே) என்பதையும், ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு முழு நூலையும் நகலெடுத்துப் பகிர்ந்தால் அது நியாயமான பயன்பாடு (அனுமதி பெறாமலே சட்டம் ஏற்கும் அளவான பயன்பாடு) ஆகிவிடாது என்பதையும் பிரித்துக் காட்டுவதுதான் கடினமாக இருக்கிறது. இதற்கு வகுப்பில் நீங்கள் பயன்படுத்திய பயிற்சிகள் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள்.