சாயில் டெஸ்ட் குடுத்தாச்சு, இப்ப ஜியாலஜி ரிப்போர்ட்டும் கேக்காங்க, உதவுங்க

ரப்பர்வெளை_மக்கா:
குலசேகரம் பக்கம் 12 சென்ட், ரப்பர் நின்ன சரிவு. மேல்பக்கம் ஜேசிபி வச்சு வெட்டி அந்த மண்ண கீழ்ப்பக்கம் நெரத்தி தரையாக்கியாச்சு. பிளான் அப்ரூவலுக்கு சாயில் ரிப்போர்ட் வச்சா, இது ஹாகா (மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம்) கட்டுப்பாட்டுல வர்ற கிராமம், புவியியல் சுரங்கத்துறை கருத்தும் வேணும்ங்காங்க. ரிப்போர்ட்ல 2.5 மீட்டர்ல ரெஃப்யூசல், ஹார்ட் ராக்னு தெளிவா போட்டிருக்கு, பாறையே கெடக்கும்போது பொறவு எதுக்கு இன்னொண்ணு?

மண்ணுக்காரன்:
தம்பி ரெண்டும் வேற. சாயில் டெஸ்ட் அஸ்திவாரத்துக்கு அடியில மண்ணு பாரம் தாங்குமான்னு சொல்லும், அவ்வளவுதான். மேல நிக்குற குன்னு மழைக்கு எறங்குமா, வெள்ளம் எப்படி ஓடும்னு பாக்குறது ஜியாலஜி ஆளுங்க. ஹாகால வேளாண் பொறியியல், வனத்துறை கருத்தும் கேப்பாங்க, தயாரா இருங்க. அது கெடக்கட்டு, மண்ணு பாக்க தொளை, அதான் போர், எங்க போட்டாங்க?

ரப்பர்வெளை_மக்கா:
எல்லாம் வெட்டுன பக்கம்தான் அண்ணே, வண்டி நிக்க அங்கதான் வசதின்னாங்க.

மண்ணுக்காரன்:
அதான பாத்தேன். 63.5 கிலோ சுத்தியல 75 சென்டிமீட்டர் ஒயரத்துல இருந்து விட்டு அடி எண்ணுவாங்க, 15 சென்டிமீட்டருக்கு 50 அடி அடிச்சும் எறங்கலன்னா ரெஃப்யூசல். நம்ம பக்கம் சார்னோகைட் பாறை செதஞ்சு செம்மண்ணா ஆனது, உள்ள செதையாத உருண்டக்கல்லு ஆனைத்தல கணக்குல கெடக்கும், கம்பி அதுல முட்டுனாலும் ரெஃப்யூசல்தான். கோர், அதாவது பாறைய உருளையா அறுத்து எடுக்குற துண்டு, எடுத்து ஒரு மூணு மீட்டராவது தொளச்சு பாத்தாதான் பாறைன்னு நம்பலாம். போர் லாக்ல, அதான் தொளை விவரம் எழுதுற தாள்ல, கோர் ரெகவரி எத்தன சதவீதம், அதாவது தொளச்ச நீளத்துல எவ்வளவு கல்லா கெடச்சுது?

ரப்பர்வெளை_மக்கா:
அந்த கட்டமே காலியா கெடக்கு 😟

தடிக்காரன்கோணம்_அக்கா:
எங்க வீட்டுல பாதி வெட்டுன தரையிலயும் பாதி நெரத்துன மண்ணுலயும் நின்னு, ரெண்டாவது மழைக்கே கீழ்ப்பக்க சுவர் மூலையில இருந்து கோணலா வெடிச்சுட்டு. பொறத்த வெட்டுன மண்ணுக்கு கல்கெட்டு கெட்டும்போது வெள்ளம் வடிய இடையில ஓட்ட போட்டு விடுங்க, இல்லன்னா மண்ணு நனைஞ்சு கெட்டையே தள்ளிரும். நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு பாத்துக்கோங்க.

மண்ணுக்காரன்:
அக்கா சொன்னது சரி. தம்பி, நெரத்துன பக்கம் ஒரு போர் போட்டு அசல் தரை எத்தன ஆழத்துல இருக்குன்னு எழுதி வாங்குங்க, அஸ்திவாரம் அதுக்கும் கீழ போகணும். மேல்பக்கம் ஒண்ணுல கோரும் எடுக்கச் சொல்லுங்க, தனியா காசு கேப்பாங்க, குடுத்திருங்க.

ரப்பர்வெளை_மக்கா:
சரி அண்ணே, மழ விட்டதும் வண்டிய வரச்சொல்லுதேன்.

மண்ணுக்காரன்:
மழையோட போடுங்க டேய், நிலத்தடி வெள்ளம் எதுவரை ஏறுதுன்னு அப்பதான தெரியும்!