1966 மஸ்டாங் கன்வெர்டிபிள்: சஸ்பென்ஷன் மாற்ற ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். என்னுடைய 1966 ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்டிபிளின் முன்பக்கக் காயில் ஸ்பிரிங்குகளும் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குகளும் தளர்ந்துவிட்டதால், அவற்றை ஷாக் அப்சார்பர்களோடு சேர்த்து மாற்றவும், மஸ்டாங்கின் வேகப் பதிப்பான 1965 ஷெல்பி ஜிடி350-இல் செய்ததைப் போல முன்பக்க மேல் கன்ட்ரோல் ஆர்மை (முன்சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கை) 1 அங்குலம் கீழிறக்கிப் பொருத்தவும் விரும்புகிறேன். தரையடியில் தொழிற்சாலையே கூடுதல் வலுவூட்டல் தந்திருந்தாலும், இரும்புக் கூரை இல்லாத வண்டி என்பதால், மேடுபள்ளத்தில் முன்கண்ணாடிச் சட்டம் அதிர்வதும் கதவோர இடைவெளி சுருங்கி விரிவதும் கண்ணுக்கே தெரிகின்றன. கடினமான ஸ்பிரிங் போட்டால் இது கூடும் என்று அஞ்சுகிறேன். முதலில், முன், பின் அடிச்சட்டங்களை இணைக்கும் சப்ஃபிரேம் கனெக்டர்களை வெல்டிங் செய்துவிட வேண்டுமா, அல்லது ஷாக் டவர்களை (முன்பக்க ஷாக் அப்சார்பர்களின் மேல்முனை பொருந்தும் தூண்கள்) இணைக்கும் ஒற்றைத் துண்டு பிரேஸ் போதுமா? வெல்டிங்கின்போது வண்டியை எங்கெங்கே தாங்கி நிறுத்தினால் கதவுகள் கோணாமல் இருக்கும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும். பந்தயத்துக்கு அல்ல, குடும்பத்தோடு நெடுந்தூரம் செல்வதற்கே இந்த வண்டி.