அம்மாவின் தலைசுற்றல் மாத்திரையும் கை நடுக்கமும்: தொடர்பு உண்டா?

கோவில்பட்டி மகள்:
அம்மாவுக்கு 69 வயசு. போன ஆடியில ஒருநாள் காலையில எழுந்ததும் வீடே சுத்துதுன்னு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டாங்க, கூடவே வாந்தி. காது மூக்கு தொண்டை டாக்டர் பீட்டாஹிஸ்டின் 16 மி.கி. மூணு வேளையும், ஸ்டெமெட்டில் 5 நாளைக்கும் எழுதிக் கொடுத்தார். அன்னையிலிருந்து கிறுகிறுப்புன்னு சொன்னாலே அப்பா அதே சீட்டைக் காட்டி மெடிக்கல்ல ரெண்டு மாத்திரையும் வாங்கிட்டு வந்துடறார். அம்மா பெரும்பாலும் தினமும் ரெண்டையும் போடுறாங்க.

இப்போ கொஞ்ச நாளா கை நடுங்குது. காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கிறாங்க. முகத்துல சிரிப்பே இல்லை. வயசானா இப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு மனசு ஒப்பலை. அம்மாவுக்கு வீசிங்கும் உண்டு, சளி பிடிச்சா செட்ரிசின் போடுவாங்க. இதெல்லாம் சேர்ந்து போகலாமா?

கும்பகோணம் மருந்தாளுநர்:
சகோதரி, முதல்ல நடுக்கம். ஸ்டெமெட்டில்ல இருக்கிறது புரோகுளோர்பெராசின். சுத்தலும் வாந்தியும் உச்சத்துல இருக்கும்போது நல்லா கேட்கிற மருந்து. ஆனா மூளையில உடம்பு அசைவைச் சீரா வைக்கிற டோபமின்கிற ரசாயனத்தைத் தடுக்கிற வகை. வயசானவங்க மாசக்கணக்குல போட்டா கை நடுக்கம், உடம்பு இறுக்கம், தேய்ச்ச நடை, முகத்துல உணர்ச்சி தெரியாம போறதுன்னு பார்கின்சன் நோய் மாதிரியே வரலாம். தலைசுத்தலுக்கே கொடுக்கிற சின்னாரிசினும் இதைச் செய்யும். உங்க டாக்டர் 5 நாள்னு எழுதினது சும்மா இல்லை. காதுல சமநிலை கெட்டா மூளை மெல்ல அதை ஈடுகட்டிக்கப் பழகும். இந்த மாத்திரையை நீட்டினா அந்தப் பழக்கமும் தாமதமாகும்.

இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. அம்மா எவ்வளவு காலமா இதைப் போடுறாங்கன்னு நீங்களா சொல்லுங்க. அது தெரியலைன்னா பார்கின்சன்னே எடுத்துக்கிட்டு இன்னொரு மாத்திரை சேர்ந்துடும். மருந்தால வந்த நடுக்கம்னா நிறுத்தின பிறகு சில வாரத்திலிருந்து சில மாசத்துல பெரும்பாலானவங்களுக்குக் குறையும். சிலருக்கு முழுசா போகாது. அதனாலதான் அவசரப்படுத்துறேன்.

பீட்டாஹிஸ்டினுக்கு வருவோம். நடுக்கத்துக்கு முதல்ல சந்தேகப்பட வேண்டியது இது இல்லை. ஆனா வீசிங் இருக்குன்னு டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கணும், மூச்சிரைப்பு கூடுதான்னு கவனிக்கணும். வயித்துப்புண் இருந்தாலும் அப்படித்தான். அட்ரீனல் சுரப்பியில ஃபியோகுரோமோசைட்டோமா என்கிற கட்டி இருக்கிறவங்களுக்கு இது கூடவே கூடாது. செட்ரிசின், உடம்புல அலர்ஜியைக் கிளப்புற ஹிஸ்டமின்கிற ரசாயனத்தைத் தடுக்கிறது, பீட்டாஹிஸ்டின் ஹிஸ்டமின் ஜாடையில வேலை செய்யறது. ஆபத்தான சேர்க்கைன்னு சொல்ல மாட்டேன், ஒண்ணோட பலனை இன்னொண்ணு குறைக்கலாம். பீட்டாஹிஸ்டினைச் சாப்பாட்டோட போட்டா வயித்தெரிச்சல் குறையும். ஒரு வேளை விட்டுப்போச்சுன்னா அடுத்த வேளைக்கு ரெண்டாப் போட வேண்டாம்.

கவுண்டர்ல நான் அடிக்கடி பார்க்கிறது ஒண்ணு. பீட்டாஹிஸ்டின் 8, 16, 24 மி.கி.ன்னு வருது. வழக்கமான அளவு நாளைக்கு 24லிருந்து 48 மி.கி. வரை. 16 இல்லைன்னு 24 அட்டையை வாங்கிட்டுப் போய் அதையும் மூணு வேளை போட்டா 72 ஆயிடும். அட்டையில எந்த எண் இருக்குன்னு இன்னைக்கே பாருங்க.

சேலத்துக்காரர்:
எனக்கு மெனியர் நோய். காது அடைச்ச மாதிரி இருக்கும், இரைச்சல் வரும், கேட்கிறது மந்தமாகும், அப்புறம் மணிக்கணக்குல சுத்தும். பீட்டாஹிஸ்டின் சாப்பிடுறேன், ஆனா சுத்தும்போது போட்டு உடனே நிக்கிற மருந்து இல்லை அது. 2016ல ஜெர்மனியில 221 மெனியர் நோயாளிகளை 9 மாசம் கவனிச்சு ஒரு ஆய்வு வந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் இதைச் சாப்பிட்டவங்களுக்கும் தாக்குதல் ஒரே மாதிரிதான் குறைஞ்சிருக்கு. அதைப் படிச்சதிலிருந்து, இது இன்னும் தேவையான்னு டாக்டர்கிட்ட அவ்வப்போது கேட்டுடுவேன். அவர் சொன்னபடி ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைச்சுக்கிட்டேன்.

உங்க அம்மா கதை வேற மாதிரி தெரியுது. படுக்கையில புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் ஒரு நிமிஷத்துக்குள்ள சுத்தி அடங்குதா? அப்படின்னா உள்காதுல கால்சியம் துகள் இடம் மாறியிருக்கலாம். அதுக்கு எப்லி முறைன்னு ஒண்ணு, டாக்டர் தலையை நாலு நிலையில திருப்பித் துகளைத் திரும்ப இடத்துக்குக் கொண்டுபோவார். பல பேருக்கு ஒண்ணு ரெண்டு தடவையிலேயே சரியாகுது. மாத்திரை அந்தத் துகளை நகர்த்தாது.

கோவில்பட்டி மகள்:
அண்ணா, நீங்க சொன்ன மாதிரியேதான், இடது பக்கம் புரண்டாதான் சுத்துதாம். அட்டையில 16தான் இருக்கு. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். அதுவரைக்கும் ஸ்டெமெட்டிலை நாங்களே நிறுத்திடலாமா?

கும்பகோணம் மருந்தாளுநர்:
நாளைக்குக் காலையிலேயே டாக்டருக்கு போன் பண்ணி நடுக்கத்தைச் சொல்லிக் கேளுங்க, வியாழன் வரை காத்திருக்காதீங்க. போகும்போது பிரஷர், சுகர் மாத்திரை உட்பட எல்லா அட்டையையும் ஒரு பையில எடுத்துட்டுப் போங்க. எழுந்து நிக்கும்போது மட்டும் தலை லேசானா அது பிரஷர் மாத்திரையாலயும் இருக்கலாம். ராத்திரி பாத்ரூம் போக அம்மா தனியா எழ வேண்டாம், விளக்கு எரியட்டும். தலைசுத்தலோட பேச்சு குழறினாலோ, ரெட்டையா தெரிஞ்சாலோ, வாய் கோணினாலோ, கைகால் இழுத்தாலோ, நிக்கவே முடியலைன்னாலோ மாத்திரை எதுவும் கொடுக்காம உடனே 108க்குக் கூப்பிடுங்க.