வெல்டிங் கேபிள்ல டேப் சுத்தி ஓட்டலாமுங்களா? பையனுக்கு ஷாக் அடிச்சிருச்சு

திருச்செங்கோடு பட்டறை:

வணக்கமுங்க. திருச்செங்கோட்டுல லாரி பாடி, ட்ரெய்லர் வேலை பாக்குற சின்னப் பட்டறை என்னோடது. ரெண்டு ட்ரான்ஸ்ஃபார்மர் மிஷின், ரெண்டும் 400 ஆம்ப்ஸ். வேலைக்கு மூணு பசங்க இருக்காங்க.

போன வியாழக்கெழமை சாயங்காலம் தூறல் விட்டு விட்டுப் பேஞ்சுட்டு இருந்துச்சு. ஒரு பையன் சேஸ் மேல உக்காந்து கிராஸ் மெம்பர் ஓட்டிட்டு இருந்தான். வெல்டிங் ராடு தீந்து வேற மாத்துறப்போ கத்திட்டுக் கீழ விழுந்துட்டான். நாலடி உயரந்தான், தோள்ல சிராய்ப்போட போச்சு. ராடு மாட்டுற ஹோல்டர்ல இருந்து ரெண்டடி தள்ளி கேபிள்ல டேப் சுத்தியிருந்த எடம் அவன் முழங்கைக்கு அடியில நனைஞ்சு கெடந்துச்சு. அந்த டேப்பை ஆறு மாசம் முன்னாடி சுத்துனது நானேதான். ராத்திரி தூக்கம் வரலீங்க.

கேபிள் காப்பர், 35 ஸ்கொயர் எம்எம். ஹோல்டர் பக்கம் 20 மீட்டர், எர்த் பக்கம் 10 மீட்டர். வாங்கி நாலு வருசம் ஆச்சு. அந்த டேப் போக, மிஷின்ல இருந்து எட்டு மீட்டர் வாக்குல கேஸ் கட்டிங் பொறி விழுந்து ரப்பர் வெந்து காப்பர் வெளிய தெரியுது, கொஞ்சம் கம்பியும் அந்துபோச்சு. எர்த் கிளாம்ப் பக்கம் லக்கு (கேபிள் நுனியில மாட்டுற காப்பர் முனை) கை வைக்க முடியாம கொதிக்குது. மொத்தத்தையும் தூக்கிப் போடணுங்களா, இல்ல சரி பண்ணி ஓட்டலாமுங்களா? மெயின்ல 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா விழுற ஸ்விட்ச்) போட்டிருக்கேன், அது ஏன் விழலைன்னும் புரியலீங்க.

துவாக்குடி வெல்டர்:

தம்பி, கேபிள் அப்புறம். மொதல்ல பையனைக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டி ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்க. ஷாக் வாங்கினவன் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவான். நெஞ்சு படபடப்பு, கை மரமரப்பு இருக்கான்னு நீங்களே வாய்விட்டுக் கேளுங்க.

நான் 31 வருசமா ராடு பிடிக்கிறேன். போன பட்டறையில எல்லாம் "வெல்டிங் கரண்டு ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லக் கேட்டிருக்கேன். ஆர்க் ஓடுறப்போ ஹோல்டர்ல 25 வோல்ட் வாக்குலதான் இருக்கும், அது நெசம். ஆர்க் நின்ன உடனே அது 70, 80 வோல்ட்டுக்கு ஏறி நிக்கும். ராடு மாத்துறப்போ உங்க பையன் கையில இருந்தது அந்த வோல்ட்டேஜ். மழையிலயும் வேர்வையிலயும் ஊறின உடம்புக்கு ஆயிரம் ஓம்ஸ்னு கணக்கு வச்சா 70, 80 மில்லி ஆம்ப்ஸ் உள்ள போகும். உயிரைக் காப்பாத்த வைக்கிற ஆர்சிசிபி 30-லயே விழணும்னு வச்சிருக்காங்கன்னா இது எவ்வளவுன்னு பாத்துக்குங்க. அதுவும் அவன் உக்காந்திருந்தது எர்த் கிளாம்ப் கடிச்சிருக்கிற அதே சேஸ் மேல.

சவுதியில ஜுபைல்ல ஷட்டவுன் வேலைக்கு (ஆலையை நிறுத்தி வச்சுச் செய்ற பராமரிப்பு) போயிருந்தப்போ மூணு மாசத்துக்கு ஒரு தடவை எல்லா கேபிளையும் தரையில நீட்டி விரிக்கச் சொல்லுவாங்க. சேஃப்டி ஆள் ஹோல்டர் நுனியில இருந்து அளவு டேப் பிடிப்பாரு. முதல் 3 மீட்டருக்குள்ள ஒரு ஒட்டு கண்ணுல பட்டாலும் அந்த கேபிளை ஓரமாப் போட்டுடுவாரு. அமெரிக்காவோட ஓஷா (தொழிலாளர் பாதுகாப்புத் துறை) விதியிலயும் அதேதான்: ஹோல்டர்ல இருந்து 10 அடிக்குள்ள ஜாயிண்ட் கூடாது. அப்போ எனக்கு எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் வேலை செய்றப்போ கவனிச்சேன். நம்ம தோள்ல, மடியில, தொடைக்கடியில கெடக்கிறது எல்லாமே அந்தப் பத்தடிதான். மீதி கேபிள் தரையோட போகுது.

அதனால ஹோல்டர் பக்கத்து டேப்பைப் பிரிச்சுத் திரும்பச் சுத்த வேணாம். டேப் இருக்கிற எடத்தைத் தாண்டி ஒரு முழம் சேத்து அறுத்துப் போட்டுட்டு, ஹோல்டரைப் புதுசா மாட்டுங்க. 20 மீட்டர்ல உங்களுக்குப் போறது மூணு நாலு அடிதான். அறுத்த வாயில காப்பர் பளிச்சுனு செம்பு நிறமா இருக்கணும். கருத்தோ களிம்பு பூத்தோ இருந்தா இன்னும் ஒரு சாண் அறுங்க. டேப் வழியா எறங்கின தண்ணி ரப்பருக்குள்ளயே கம்பியோட ஓடியிருக்கும், வெளிய பாத்தா தெரியாது. சாதாரண பிவிசி டேப் வெல்டிங் கேபிளுக்கு ஆகவே ஆகாது தம்பி. சூட்டுல பசை இளகி வழுக்கும், கேபிள் வளையுறப்போ ஓரம் பிரியும், அந்த வழியாத் தண்ணி ஏறும்.

நடுவுல இருக்கிற சேதாரம் வேற கதை. ரப்பர்ல மேலோட்டமா ஒரு கீறல், காப்பர் தெரியலைன்னா, நல்லாத் துடைச்சு, தனக்குத்தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுத்தி, அதுக்கு மேல உள்ளுக்குப் பசை வச்ச தடிமனான ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடலாம். ரெண்டு பக்கமும் நல்ல ரப்பர் மேல நாலு விரக்கடை ஏறி நிக்கணும். உங்களுக்குக் கம்பியே அந்துபோச்சுன்னு சொல்றீங்க, அதுக்கு ஸ்லீவ் போதாது. அந்த எடத்துல அறுத்து ரெண்டு துண்டாக்கி, முழுசா ரப்பர் மூடின ட்விஸ்ட் லாக் கனெக்டர் ஆணும் பெண்ணுமா மாட்டுங்க. மிஷின் பக்கம் இருக்கிற துண்டுல பெண் வரணும், அப்பத்தான் கழட்டி வச்சாலும் கரண்டு இருக்கிற காப்பர் வெளிய நீட்டிட்டு இருக்காது. 35 ஸ்கொயருக்கு ஏத்த சைஸா கேட்டு வாங்குங்க.

முறுக்கி டேப் சுத்துற ஜாயிண்ட் ஏன் கூடாதுன்னா, ஒரு சின்னக் கணக்கு. ஜாயிண்ட்ல ஓம்ஸ்ல ஆயிரத்துல ரெண்டு பங்கு தடை இருந்தா போதும், 150 ஆம்ப்ஸ் ஓடுறப்போ அந்த ஒத்த எடத்துல 45 வாட் சூடு. டேப்புக்குள்ள ஒரு சால்டரிங் அயர்னை வச்சுச் சுத்தின மாதிரி. உங்க எர்த் லக்கு கொதிக்கிறதும் இதே காரணந்தான்.

கட்டுமான எலக்ட்ரீஷியன்:

ஆர்சிசிபி பத்தி நான் சொல்றேன். அது மெயின்ல இருந்து மிஷினுக்குப் போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு மட்டுந்தான் பாக்கும். வெல்டிங் ட்ரான்ஸ்ஃபார்மர்ல உள்ள வர்ற சுருளுக்கும் வெளிய போற சுருளுக்கும் கம்பித் தொடர்பே கிடையாது. ஹோல்டர்ல பையன் மேல பாஞ்ச கரண்டு சேஸ் வழியா, எர்த் கிளாம்ப் வழியா, அதே வெளிச் சுருளுக்குத் திரும்பிடுச்சு. மெயின் பக்கம் கணக்கு சமமாவே இருந்திருக்கும். அதனால விழலை, எப்பவுமே விழாது. உள்ள வர்ற 415 வோல்ட் கேபிள் அடிபட்டாத்தான் அது உதவும். அந்தக் கேபிள்ல ஒட்டே போடாதீங்க, சேதாரம்னா முழு நீளமும் மாத்துங்க.

ஈர எடத்துல, இரும்பு மேல உக்காந்து செய்ற வேலைக்கு விஆர்டி-ன்னு வோல்ட்டேஜைக் கொறைக்கிற சாதனம் இருக்கிற மிஷின் பாருங்க. ஆர்க் இல்லாதப்போ வோல்ட்டேஜை அது தானா நல்லாக் கொறச்சு வச்சிடும்.

திருச்செங்கோடு பட்டறை:

ரொம்ப நன்றிங்ணா. ஈசிஜி எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. பையனை ரெண்டு நாள் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லியிருக்கேன்.

லக்கு இங்க எல்லாருமே சுத்தியல்லதான் தட்டி நசுக்குறோமுங்க. சில பேரு ஈயம் ஊத்துறாங்க. எது சரிங்ணா? இன்னொண்ணு, வண்டியில எர்த் கிளாம்பை முன்னாடி பம்பர்லயே கடிக்க வச்சுட்டு பின்னாடி வரைக்கும் ஓட்டுவோம். கேபிள் எட்டலைன்னா ஒரு ஆங்கிள் துண்டைப் போட்டு நீட்டிக்குவோம்.

துவாக்குடி வெல்டர்:

ரெண்டுமே வேணாம். சுத்தியல்ல தட்டினா ஒரு பக்கம் நசுங்கும், இன்னொரு பக்கம் கம்பிக்கு நடுவுல காத்து நிக்கும். சால்டரிங் ஈயம் 183 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சுடும். லக்கு சூடானா அது வழிஞ்சு எறங்கும், எறங்கின எடம் வரைக்கும் கேபிள் கம்பி மாதிரி வெறச்சு அங்கேயே ஒடியும். 35 ஸ்கொயர் காப்பர் லக்கு வாங்கி, அறுகோண டை வச்ச ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல்ல அழுத்துங்க. உங்ககிட்ட இல்லைன்னா பேனல் போர்டு பண்றவங்ககிட்ட இருக்கும், கேபிளை எடுத்துட்டுப் போனா பத்து நிமிச வேலை. லக்குக்குள்ள நுழையலைன்னு நாலு கம்பியை வெட்டி விடுறதை மட்டும் அனுமதிக்காதீங்க.

ஆங்கிள் துண்டை இன்னைக்கே தூக்கிப் போடுங்க தம்பி. அது கேபிள் இல்லை, மேல ரப்பர் இல்லை, தொட்டுக்கிட்டு இருக்கிற எடமெல்லாம் பொறி. கிளாம்பைப் பம்பர்ல கடிச்சுட்டுப் பின்னாடி ஓட்டினா கரண்டு எது சுலபமோ அது வழியா வரும். ஸ்பிரிங் ஷேக்கிள், வீல் பேரிங், சேஸ் மேல சாய்ச்சு வச்ச கிரைண்டரோட எர்த் வயர். பேரிங் உருளையில பொட்டுப் பொட்டா எரிஞ்சிருக்கும், வண்டிக்காரர் ரெண்டு மாசம் கழிச்சு சத்தம் வருதுன்னு வருவாரு. ஓட்டுற எடத்துக்குப் பக்கத்துலயே, பெயிண்டைச் சுரண்டிட்டுக் கடிக்க வைங்க. இப்ப வர்ற வண்டியில எல்லாம் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) இருக்கு, வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி ரெண்டு முனையையும் கழட்டிடுங்க.

நான் வாரம் ஒரு தடவை செய்றதைச் சொல்றேன். பத்து நிமிசம் நல்லா ஓட்டிட்டு, மிஷினை அணைச்சு, கிளவுஸ் கழட்டி, கேபிள் முழுக்க உள்ளங்கையால தடவிட்டே போவேன். எங்கயும் ஒரே இளஞ்சூடா இருக்கணும். ஒரு எடம் மட்டும் சுட்டா உள்ள கம்பி அந்திருக்கு. அப்புறம் விரல் மேல வளைச்சு வளைச்சுப் பாத்தா ரப்பர் வெடிப்பு வாயைத் தொறக்கும். டீசல், கிரீஸ் பட்ட எடம் தொளதொளன்னு ஆகியிருக்கும். ராத்திரி ஆணியில மாட்டாம, பழைய வீல் ரிம்மைச் சுவத்துல அடிச்சு அதுல சுத்தி வைப்பேன். ஓட்டுறப்போ முழுசா அவுத்து விட்டுடணும். சுருளாவே கெடந்தா சூடு வெளிய போகாது.

புதுசு வாங்கினா ஐஎஸ் 9857-னு மேல அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. விலை ரொம்பக் கம்மியா சொன்னா நுனியைச் சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியம்.

திருச்செங்கோடு பட்டறை:

அண்ணா, நேத்து எல்லாத்தையும் பண்ணிட்டேனுங்க. ஹோல்டர் பக்கம் நாலடி அறுத்தும் கருப்பாத்தான் இருந்துச்சு. ஏழாவது அடியிலதான் செம்பு நிறம் வந்துச்சு. அறுத்த துண்டைப் பட்டறை வாசல்ல தொங்க விட்டிருக்கேன், பசங்க பாக்கட்டும்னு. நடுவுல கனெக்டர் மாட்டியாச்சு. அது ஹோல்டர்ல இருந்து 30 அடிக்கு மேல தள்ளி வருது, அளந்துட்டேன். எர்த் லக்கு நாமக்கல்ல ஒரு பேனல் கடையில அழுத்திக் குடுத்தாங்க. இன்னைக்கு ஒரு மணி நேரம் ஓட்டிட்டு தடவிப் பாத்தேன், இளஞ்சூடுதான்.

பையன் திங்கக்கெழமை வர்றானுங்க. அவனுக்குக் காஞ்ச மரப்பலகை ஒண்ணு, புது தோல் கிளவுஸ் ரெண்டு ஜோடி வாங்கி வச்சிருக்கேன். தூறல் போட்டா சேஸ் வேலையை நிறுத்திட்டு உள்ள இருக்கிற வேலையைப் பாக்கச் சொல்லிட்டேன்.